சந்தேக ஏப்பம்

அவிநாசி ரோட்டில் எங்கள் ஆபீஸ் இருந்த கட்டிடம் இப்போது கல்யாண மண்டபம். போன வைகாசியில் என் வீட்டுக்காரரின் சித்தி பேத்திக்கு அங்கேதான் முகூர்த்தம். நாங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த அதே ஹாலில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். ரசம் முடிந்து மோருக்குக் காத்திருந்தபோது எதிர் வரிசையில் ஒரு பெரியவர் நிதானமாக ஓர் ஏப்பம் விட்டார். என் ஆள்காட்டி விரல் தானாக எழுந்து இலையின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டியது. மாடு இல்லை.

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "என்ன, ஆபீஸ் ஞாபகமா?" என்று இடித்தார். ஆமாம் என்றேன். நல்ல ஏப்பம்தான், ஆனால் முடிவில் ஒரு "முருகா" இல்லை. அது ஒன்றுதான் குறை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மாடு விடும் ஏப்பத்தைக் காதால் கேட்டு, இது ஏப்பம், இது ஏப்பம் இல்லை என்று சொல்வதற்கு ஆள் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஆட்களில் நானும் ஒருத்தி. பெண் பார்க்க வந்தவர்களிடம் என் உத்தியோகத்தைச் சொன்னபோது இரண்டு கூட்டம் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எழுந்து போனது. அடுத்து வந்தவர் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார்.

"மாட்டுக் காத்துன்னா பின்னாடி வர்றதில்லீங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. வாய் வழியாத்தான் நெறைய வரும். தின்ன புல்லு வயித்துல ஊறிப் புளிக்கும். புளிக்கிறப்ப மீத்தேன் உண்டாவும். அது ஏப்பமா வெளிய போவும்."

"போனாப் போகட்டுமே. மாடு ஆதிகாலத்துல இருந்து ஏப்பம் விட்டுட்டுத்தானே இருக்குது?"

"அப்ப இத்தனை மாடும் இல்ல, இத்தனை கரிப்புகையும் இல்ல. மீத்தேன் கொஞ்ச வருஷத்துல தானா கலைஞ்சிடும். ஆனா இருக்கற வரைக்கும் புகையை விட மோசமா சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். அதைக் கொறைச்சா பலன் சீக்கிரம் தெரியும். அதான் மாட்டையும் பிடிச்சிருக்காங்க."

"உக்காந்து கேட்டா எப்படிங்க கொறையும்?"

"எந்த மாடு அதிகமா விடுதுன்னு முதல்ல தெரியணும்ல?"

அவர் பஜ்ஜியை முடித்துவிட்டு, "ஒண்ணு விட்டுக் காட்டுங்களேன்" என்றார். எங்கள் அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பி தொங்கும். காற்றை அளக்கும் கருவிகளைத்தான் முதலில் மாட்டிப் பார்த்தார்கள். தூசி அடைத்துக்கொண்டு அவை உயிரை வாங்கியதால், எங்களுக்கு வேலை கொடுத்த வாரியம் சத்தத்துக்கு மாறிவிட்டது. டப்பியின் பேட்டரி நாள் முழுக்கத் தாங்காது. காலையில் கறவை முடிந்து மாடு படுத்து அசை போடும் கொஞ்ச நேரம் மட்டும் அது கேட்கும். அந்தக் கொஞ்ச நேரத்து ஏப்பத்தை எண்ணி, நாள் முழுவதற்கும் பெருக்கிப் போடும். எண்ணுவது மெஷின். மெஷினுக்குப் பிடிபடாதது எங்களிடம் வரும். அதற்குப் பெயர் சந்தேக ஏப்பம். கேட்டுவிட்டு, மாடு என்றோ மாடு இல்லை என்றோ நாங்கள் அழுத்த வேண்டும்.

அளவுக்கு மேல் ஏப்பம் விடும் மாட்டை மூடுகொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். கூரையில் குழாய் வைத்து, மாடு விடும் காற்றை உறிஞ்சி எரித்துவிடும் இடம் அது. நல்ல தீனி, நல்ல வைத்தியம், குறை சொல்ல முடியாது. ஆனால் போன மாடு திரும்பி வராது. வளர்த்தவர்கள் போய்ப் பார்க்கவும் முடியாது.

கொடுமை என்று அப்போதே பலர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. என் ஊர் வேதாரண்யத்துக்குத் தெற்கே. நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் எங்கள் தெருவுக்குள் கடல் வந்து உட்கார்ந்தது, எழுந்து போகவே இல்லை. வாசலில் இருந்த புன்னை மரம் கொஞ்ச நாள் உப்புத் தண்ணீரில் நின்று பார்த்துவிட்டுப் பட்டுப்போனது. எங்கள் அம்மா கோயம்புத்தூருக்கு வந்த பிறகும் மழைச் சத்தம் கேட்டால் அரிசி டப்பாவைத் தூக்கிப் பரணில் வைப்பாள். அதனால் எனக்கு அந்த வேலை விளையாட்டு இல்லை. ஏப்பம் குறைந்தால் வெயில் குறையும், வெயில் குறைந்தால் கடல் இன்னொரு தெருவுக்குள் வராது என்று மனதார நம்பித்தான் காலையில் ஹெட்போனை மாட்டுவேன்.

"மனிதக் குரல் பதிவாகாது" என்று ஒவ்வொரு பால் சொசைட்டியிலும் போர்டு வைத்திருந்தார்கள். அது பாதி உண்மை. எண்ணுவதற்கு முன்னால் மெஷின் மனிதப் பேச்சைத் துடைத்துவிடும். ஆனால் சந்தேக ஏப்பம் எங்களிடம் வரும்போது அக்கம்பக்கச் சத்தத்தோடு முழுசாகத்தான் வரும். அது இல்லாமல் எங்களுக்கும் பிடிபடாது.

அட, மனிதர்கள் மாட்டிடம் என்னவெல்லாம் பேசுகிறார்கள் தெரியுமா? ஊத்துக்குளிப் பக்கம் ஒருவன் வேலைக்கு இன்டர்வியூ போவதற்காகப் பசுவிடம் இங்கிலீஷ் பேசிப் பழகினான். நடுவில் அது கத்தினால், "ப்ளீஸ் வெயிட்" என்பான். ஒருத்தி தன் மாமியாரைத் திட்டுவதற்கென்றே மாட்டண்டை வந்து உட்காருவாள். மாடும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அசை போடும். எங்கள் ஹாலில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கேட்டதைக் காதோடு வைத்துக்கொள்ள வேண்டும், யார் வீட்டு மாடு என்று பக்கத்து நாற்காலிக்கும் சொல்லக் கூடாது. யாரும் மீறியதில்லை.

சென்னியப்பன் என் காதுக்கு வந்தது அப்படித்தான். காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒற்றை வீடு, ஒற்றை மாடு. மாட்டின் பெயர் மயிலாத்தாள். முதல் நாள் நான் கேட்டது இது.

"மயிலாத்தா, சித்தெ நவுந்து படு. எனக்கு உக்கார எடம் வேண்டாமா? இன்னைக்குக் கம்மஞ்சோறு. மோரு ஊத்திக் கரைச்சாச்சு. வெங்காயம் உரிச்சாச்சு. உனக்கென்ன, ராணியாட்ட உக்காந்துட்டு அசை போடு."

அப்புறம் தட்டுச் சத்தம். வெங்காயம் கடிக்கும் சத்தம். பிறகு ஓர் ஏப்பம், அதன் வாலில் "முருகா".

மாட்டு ஏப்பத்துக்கும் மனித ஏப்பத்துக்கும் வித்தியாசம் தெரியாத காது எனக்கு இல்லை. மாடு ஏப்பம் விட்டால் காற்றுதான் வரும், பெருமை இருக்காது. மனிதன் விட்டால் சாப்பாட்டைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும். மாடு இல்லை என்று அழுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரத்தில் சில நாள் அவர் குரல் வரும். மற்றவர்களின் பேச்சு வந்தால் ஓட்டிவிட்டு ஏப்பத்துக்குப் போய்விடுவேன். அவர் பேச்சை ஓட்ட முடியவில்லை. அந்த மாடு அவருடைய மனைவி சுகுணா கன்றாகக் கொண்டுவந்து வளர்த்தது. அந்த அம்மா போன பிறகு வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல், தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார். இதெல்லாம் துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரியவந்தது. ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் கை நின்றது. தட்டுச் சத்தம் இல்லை.

"அன்னைக்கு உப்பு கம்மின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டனே மயிலாத்தா. புளிக்கொழம்பு. நல்லாத்தான் இருந்துது. சொல்லோணுமின்னு சொன்னேன். அவ ஒரு வார்த்தை பேசலை. மொளகாக் காட்டுக்குப் போனா. உச்சி வெயிலு. வரப்புலயே சாஞ்சிட்டா. நாம் போயித் தண்ணி தெளிச்சனே, கண்ணே முழிக்கலையே." மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம். "உங்க ஏப்பந்தான் இந்த வெயிலுக்குக் காரணம்ங்கறாங்க டப்பி மாட்டறவங்க. அப்ப நீதான் அவளைக் கொன்னீன்னு நான் நம்போணுமாக்கும்? கொன்னுதுன்னா எம்பட வாயிதான் கொன்னுது."

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். முன்பின் பார்க்காத ஓர் ஆளுக்காக அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதம் மயிலாத்தாளின் பெயர் சிவப்பில் வந்தது. அளவு மீறிவிட்டது. இந்த மாதமும் இறங்காவிட்டால் மூடுகொட்டகை என்று வீட்டுக்குத் தகவல் போயாயிற்று. வயசான மாடு, அளவுக்குக் கிட்டத்தில் நின்றது வாஸ்தவம். ஆனால் அதைத் தாண்ட வைத்தது மாடு இல்லை. என்னிடம் வந்ததை நான் தள்ளினேன். வராததை மெஷின் தானே துணிந்து மாட்டுக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தது. பச்சை வெங்காயமும் மோரும் தின்று, டப்பிக்கு முழ தூரத்தில் உட்கார்ந்து, அவர் விட்ட ஏப்பங்கள். "முருகா" பேச்சு என்பதால் அது துடைக்கப்பட்டுவிடும். ஏப்பம் மட்டும் மிஞ்சும். பேச்சு போக மிஞ்சிய சத்தமெல்லாம் மாடு என்பது மெஷினின் புத்தி.

எங்கள் மேலதிகாரி கிளாடிஸ் மேடம். நாகர்கோவில்காரர், குரலை உயர்த்தாமலே ஆளை நிறுத்திவிடுவார். அவரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மனுசன் விட்டதுன்னு உனக்கு எப்படித் தெரியும்னு மேல கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"என் காதால கேட்டேன்னு சொல்லுவேன்."

"அதான் பிள்ளே வெனை. மனுசக் குரலு பதிவாகாதுன்னு ஊரெல்லாம் போர்டு இருக்கு. கேட்டேன்னு நீ ஒரு வார்த்த எழுதினா, மறுநாளு ஒரு மாட்டுக் கழுத்துலயும் டப்பி இருக்காது. அவ்வளவும் கெணத்துல கெடக்கும். பொறவு எந்த மாட்டக் கண்டுபிடிச்சு எதக் கொறைக்க? உன் தெருவத் தின்ன கடலு அதோட நிக்குமா?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

"அவரு வேற எடத்துல உக்காந்து சாப்பிட்டாப் போதும் மேடம். கணக்கு தானா எறங்கிடும். அதை மட்டும் அவருகிட்ட சொன்னா..."

"சொல்லப்பிடாது." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "ஞாயித்துக்கெழம லீவுல நீ எந்த ஊருக்குப் போறேன்னு நான் கேக்க மாட்டேன், கேட்டியா."

காங்கேயம் பஸ்ஸில் போய் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். கிளுவை முள்வேலி, அதற்குள் காய்ந்து நிற்கும் புல், நடுவே வெள்வேல மரங்கள். மரத்தடியில் ஓட்டு வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை. மயிலாத்தாள் படுத்திருந்தாள். சாம்பல் நிறம், கொம்பு இரண்டும் உள்பக்கம் வளைந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசை போட்டாள். அத்தனை மாதம் காதுக்குள் கேட்ட அந்தத் தாடைச் சத்தத்தை நேரில் கேட்டபோது, பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"யாருங்க?"

ஹெட்போனில் கேட்ட அதே குரல். ஆள் நான் நினைத்ததைவிட உயரம். மாட்டிடம் அவ்வளவு பேசுகிறவர் என்னைப் பார்த்துப் பேச வார்த்தை தேடினார். வாரியத்திலிருந்து வருகிறேன் என்றதும் மாட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"மாட்டைக் கொண்டுபோக வரல ஐயா. ஒண்ணு கேக்கணும். நீங்க எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?"

"ஏனுங்க?"

"சும்மா சொல்லுங்களேன்."

"இங்கெதானுங்க. கட்டுத்தரைல."

"இனிமே வீட்டுக்குள்ள உக்காந்து சாப்பிடுங்க ஐயா."

"ஊட்டுக்குள்ள யாருங்க இருக்கறாங்க?"

வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் கொட்டிப்போயிற்று. உண்மையைச் சொன்னேன். உங்கள் ஏப்பத்தை மெஷின் மாட்டு ஏப்பம் என்று எண்ணுகிறது, அதனால்தான் மயிலாத்தாள் அளவு மீறிவிட்டாள் என்றேன்.

ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தோளில் இருந்த துண்டு நழுவும் அளவுக்குச் சிரித்தார். "எம்பட ஏப்பத்தையா? அட முருகா! மயிலாத்தா, கேட்டயா இந்தக் கூத்தை, நான் விட்டதுக்கு உன்னை..." என்று மாட்டின் பக்கம் திரும்பியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கண் கழுத்து டப்பியில் நின்றது.

"அப்பொ பேசறதும் கேக்குமுங்களா?"

"கேக்கும்."

"மெசினுக்குங்களா?"

"எனக்கு."

கீழே விழுந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி உதறினார். தூசி ஒன்றும் இல்லை.

"உப்பு விசயமுங்களா? அதையுமா கேட்டீங்க?"

"கேட்டேன் ஐயா."

"எம்பட கூடப் பொறந்தவங்கிட்டக்கூட அதைச் சொன்னதில்லீங்க."

"அம்மா அதையெல்லாம் மனசுல வச்சிருக்க மாட்டாங்க ஐயா," என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

"அது உங்குளுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். அதற்குக் கோபப்பட்டிருந்தாலே தேவலை. "பஸ்ஸு வந்துருமுங்க. கெளம்புங்க அம்மிணி."

பஸ்ஸில் வரும்போது, திங்கட்கிழமை புகார் வந்து வேலை போய்விடும் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். புகார் வரவில்லை. கணக்கு இறங்கியது. மயிலாத்தாள் பெயரில் இருந்த சிவப்பு போயிற்று. அவர் வீட்டிலிருந்து சந்தேக ஏப்பம் எதுவும் வரவில்லை. ஒரு நாள் தாங்காமல், கேட்கக் கூடாத பதிவைத் திறந்து கேட்டேன். மாடு அசை போட்டது. கொசு ஓட்ட வாலை அடித்தது. மனிதச் சத்தம் ஒன்றுகூட இல்லை. ஒரு மாட்டைக் காப்பாற்றி ஒரு மனிதனின் வாயைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு என் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு காலை, பட்டியலில் காங்கேயம். சந்தேக ஏப்பம், மிக லேசானது, தூரத்திலிருந்து. போட்டேன். எங்கேயோ வாசலில் உட்கார்ந்து வலிந்து வரவழைத்த ஏப்பம். பின்னாலேயே ஒரு கூச்சல்.

"அம்மிணி! இது எம்படதுங்க! மயிலாத்தா கணக்குல சேத்திப் போடாதீங்க!"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வேறு. கிளாடிஸ் மேடம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் அது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. மாட்டுக்குத் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவார். ஏப்பம் வந்தால் மெஷின் எண்ணாத தூரம் எது, சந்தேகப்படும் தூரம் எது என்று அவருக்கே பிடிபட்டுவிட்டது. "இது எம்படதுங்க" என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு சங்கதிகள். மழை பெய்ததா, வேலியில் எந்த ஆடு புகுந்தது, மயிலாத்தாளுக்குக் குளம்பு வீக்கம். அப்புறம் கட்டாயம் ஒரு கேள்வி. "சாப்புட்டீங்களா அம்மிணி?" என் குரல் அவருக்குப் போகாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய அளவுக்கு இடைவெளி விடுவார். "சாப்ட்டேனுங்க" என்று நான் ஹெட்போனுக்குள் முணுமுணுப்பேன். வேதாரண்யத்துக்காரிக்கு அந்த "ங்க" எப்போது ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை.

திரும்பிப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கல்யாணம், பிள்ளை, மாமனாருக்கு ஆபரேஷன் என்று காரணம் சொல்லலாம். நிஜம் வேறு. காதால் அவ்வளவு நெருங்கிவிட்ட ஆளின் முகத்துக்கு முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது. அவரும் வாங்க என்று கூப்பிட்டதில்லை.

வருஷங்கள் போயின. ஓர் ஐப்பசி மாதம், மழைக்கு நடுவில் அவருடைய பதிவு வந்தது. போட்டதுமே ஏதோ இல்லை என்று தெரிந்தது. மழை இருக்கிறது, தட்டு இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது. அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தாடைச் சத்தம் இல்லை. டப்பிக்கு மிக அருகில் ஓர் ஏப்பம். "முருகா."

"இது எம்படதுங்க" என்று சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து, "சாப்புட்டீங்களா அம்மிணி?" என்றார்.

புரிந்துவிட்டது. மாடு இறந்தால் உடனே சொசைட்டிக்குத் தெரிவித்து டப்பியைக் கொடுத்துவிட வேண்டும். அவர் கொடுக்கவில்லை. மாடு கட்டும் முளையில் டப்பியைத் தொங்கவிட்டு, அதற்குப் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். மாட்டு ஏப்பமே இல்லாமல் நாலு நாள் போனால் ஆள் வந்து டப்பியை எடுத்துப் போய்விடுவான். திரையில் மெஷின் கேட்டது: மாடா, மாடு இல்லையா?

நான் மாடு என்று அழுத்தினேன். சத்தியமாக ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஒரு காலத்தில் அவர் ஏப்பத்தால் அந்த மாடு போக இருந்தது. இப்போது அதே ஏப்பத்தால் அது இருக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து அவர் சொன்னார். "டப்பியக் கழட்ட யாரும் வல்லீங்க." கொஞ்சம் இடைவெளி. "செரிங்க அம்மிணி."

இதில் ஒரு கூத்து நடந்தது. ஒரே ஒரு ஆள், அதுவும் வயசாகி வயிறு சுருங்கிய ஆள், எத்தனை ஏப்பம்தான் விட முடியும்? அடுத்த வருஷக் கடைசியில், மேற்கு மாவட்டங்களிலேயே குறைந்த ஏப்பம் விட்ட மாடு மயிலாத்தாள் என்று மெஷின் அறிவித்தது. கேடயம் கொடுக்க வேண்டும், மாட்டுக்கு மாலை போட்டு மேடையில் ஏற்றிப் படம் எடுக்க வேண்டும். மேடைக்கு மாடு ஏது? பரிசுப் பெயர்கள் கிளாடிஸ் மேடத்தின் கையெழுத்துக்குப் போயின. அவருக்கு அது ஓய்வு பெறும் வருஷம். என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு மயிலாத்தாளின் பதிவுகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டார். ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"கம்மஞ்சோறா?" என்றார்.

"ஆமா மேடம்."

பேனாவை எடுத்து அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். "இந்த மாட்டுக்கு மேடை ஒத்துக்காது, கேட்டியா."

அப்புறம் கடற்பாசி வந்தது. மன்னார் வளைகுடாப் பக்கம் விளையும் ஒரு பாசியைத் தீவனத்தில் கொஞ்சம் கலந்தால் மாட்டு வயிற்றில் மீத்தேன் உண்டாவதே இல்லை என்றாகிவிட்டது. என் தெருவைத் தின்ற கடலேதான் கடைசியில் மருந்தும் கொடுத்தது. மூடுகொட்டகைகளைத் திறந்துவிட்டார்கள். டப்பிகளைக் கழற்ற உத்தரவு வந்தது. எங்கள் ஹாலில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். வெயில் தணியும், நல்ல காரியம், நான் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனாலும் அந்த வாரம் முழுக்க என் நாற்காலியை மட்டும் அடுக்க விடவில்லை.

கடைசி நாள் அவருடைய பதிவு வந்தது.

"நாளைக்கு வந்து கழட்டறாங்களாமுங்க. மாடு எங்கெம்பாங்க. சொல்லிக்கறேன் எதாச்சும்." தட்டை நகர்த்தும் சத்தம். "அம்மிணி, ஒரு நா வாங்க. ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. கம்மஞ்சோறு ஆக்கிப் போடறேன். உப்பு கம்மியா இருந்தா வாயத் தொறந்து சொல்லோணும். நான் கோவிச்சுக்க மாட்டேனுங்க."

போனோம். என் வீட்டுக்காரர், நான், மகள். கிளுவை வேலி அப்படியே இருந்தது. அவர் குனிந்து நடந்தார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை, கட்டுத்தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து அங்கேயே இலை போட்டிருந்தார். கம்மஞ்சோறு, புளிக்கொழம்பு, மோர், உரித்த வெங்காயம். பரிமாறிவிட்டு, சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் கவளத்தை வாயில் வைத்தேன்.

"உப்பு கம்மி ஐயா," என்றேன்.

அவர் உள்ளே போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்தார். தன் கையால் எடுத்து என் இலையோரத்தில் வைத்தார். "ஆமாங்க, கம்மிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தானும் சாப்பிட ஆரம்பித்தார். நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். மோரும் குடித்தேன்.

அப்புறம், அத்தனை பேர் முன்னால், எனக்கு ஓர் ஏப்பம் வந்துவிட்டது. என் மகள் சிரித்தாள். வீட்டுக்காரர் கையால் வாயை மூடிக்கொண்டார். சென்னியப்பன் சிரிக்கவில்லை. வெறும் முளையைப் பார்த்துத் திரும்பி, பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"மயிலாத்தா, இது அம்மிணியோடது."